மூங்கில் முதுகு வைத்த ரீகர்வ் வில்: கையால் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரச்சட்டத்தின் மேல் மூங்கில் பிளாச்சு ஒட்டி, நுனி இரண்டும் எய்பவரை விட்டு முன்பக்கம் வளைந்து நிற்கிற ரீகர்வ் வில்லைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். கண்ணாடியிழை கிடையாது, பெரிய இயந்திரமும் தேவையில்லை. இழைப்புளி, அரம், சுரண்டி, ரம்பம், நிறைய கிளாம்ப் இருந்தால் போதும். புதிதாகச் செய்ய ஆரம்பிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, எனக்குச் சரியாக வந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதுகு எது, வயிறு எது?

எய்வதற்காக வில்லைப் பிடித்து நிற்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்த பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு. ஒரு ஆள் குனிவதை நினைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் வராது. குனிந்தால் முதுகுத் தோல் விறைக்கும், வயிறு மடியும். வில்லிலும் அப்படித்தான், நாணை இழுக்க இழுக்க முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளை லிம்ப் என்றே சொல்கிறேன். நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்குக் குதை என்று நல்ல பழைய தமிழ்ச் சொல் இருக்கிறது, அதை விட மனசில்லை.

ஒரே மரத்தில் செய்துவிடலாமே, மூங்கில் எதற்கு?

செய்யலாம். ஆனால் அதற்கு முதுகுப் பக்கத்தில் மரத்தின் ஒரே வளர்ச்சி வளையம் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அறுத்த பலகையில் அப்படி அமைவது அபூர்வம். இழை எங்கேயாவது பக்கவாட்டில் ஓடி வெளியேறும், வில் வளையும்போது சரியாக அந்த இடத்தில் ஒரு சிம்பு கிளம்பும், அதோடு கதை முடிந்தது. மூங்கிலில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடுகிறது, அதிலும் பச்சைத் தோலுக்கு அடியில் மிக நெருக்கமாகவும் உள்ளே போகப் போகத் தளர்வாகவும் இருக்கிறது. அந்த நெருக்கமான பக்கத்தை வில்லின் முதுகாக வைத்துவிட்டால் இழுபடுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், சுமாரான இழை ஓட்டமுள்ள பலகைகூட நல்ல வில்லாகும்.

ஆனால் ஒன்று. மூங்கில் இழுவையைத் தாங்குகிற அளவுக்கு எந்த வயிற்று மரமும் நசுங்கலைத் தாங்காது. இரண்டும் முட்டிக்கொண்டால் எப்போதும் மூங்கில்தான் ஜெயிக்கும், தோற்பது மரம். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

எந்த மூங்கில் நல்லது? எப்படிப் பார்த்து எடுப்பது?

இனத்தைவிட முற்றல் முக்கியம். குறைந்தது 3 வருடம் முற்றியதாக இருக்க வேண்டும். இளமூங்கில் காயும்போது சுருங்கும், உளுவும் சீக்கிரம் பிடிக்கும். அடுத்தது பருமன். 4 அங்குலமோ அதற்கு மேலோ குறுக்களவுள்ள மூங்கிலைப் பிளந்தால் பிளாச்சின் மேல்பக்கம் ஓரளவு தட்டையாகக் கிடைக்கும். ஒல்லி மூங்கிலில் மேடு அதிகம், ஓரத்தை மெலியவைத்தாலும் நடு தடிமனாகவே நின்றுவிடும். மோசோ இன மூங்கிலைப் பலரும் விரும்புவது இந்தப் பருமனுக்காகத்தான். கல்மூங்கில் உறுதியில் குறைந்ததில்லை, ஆனால் சுவர் கெட்டியானது, உட்பக்கத்தில் நிறைய இழைக்க வேண்டியிருக்கும்.

பிளாச்சை வெயிலில் போடாமல் நிழலில் காற்றோட்டமாகக் காய வையுங்கள். தோலில் கீறல், உளுத்த துளை, கணுவில் வெடிப்பு எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கணுக்கள் இரண்டு லிம்பிலும் ஒரே தூரத்தில் வருகிற மாதிரி வைத்தால் பார்க்க அழகு, ஆனால் அது கட்டாயமில்லை.

தரைக்குப் பதிக்கிற மூங்கில் பலகையை முதுகுக்கு வைக்கலாமா?

நான் வைப்பதில்லை. அதில் தோல்பக்கம் சீவப்பட்டுவிடுகிறது, நமக்கு வேண்டியதே அந்தத் தோல்பக்கம்தான். நடுவில் வைக்கும் அடுக்காக வேண்டுமானால் நன்றாகவே இருக்கும்.

வயிற்றுக்கு எந்த மரம்?

நசுங்கலைத் தாங்குகிற, கனமான, நன்றாகக் காய்ந்த மரம். ஈப்பே, ஓசேஜ் ஆரஞ்ச், ஹிக்கரி, யூ ஆகிய மரங்கள் இதற்குப் பேர் போனவை. ஈப்பே ஏறக்குறைய தண்ணீருக்குச் சமமான அடர்த்தி, கையில் எடுத்தாலே தெரியும். மூங்கிலுக்கு ஈடுகொடுப்பதில் எனக்கு அதுதான் முதல் தேர்வு. ஆனால் அதன் தூள் மூக்கையும் தோலையும் எரிக்கும், முகமூடி இல்லாமல் அரம் போடாதீர்கள். ஹிக்கரி அடித்தாலும் உடையாத மரம், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏறினால் மந்தமாகி வளைந்தபடியே நின்றுவிடும். இவை எதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் கைக்கு எட்டுகிற கனமான, நேரான இழையுள்ள மரத்தில் ஒரு துண்டை விரல் தடிமனுக்குச் சீவி வளைத்துப் பாருங்கள். விட்டதும் நேராக எழுந்து நின்றால் முயற்சி செய்யலாம். வளைந்தபடியே சோம்பி நின்றால் வேண்டாம்.

மரத்தில் ஈரம் 8 முதல் 10 சதவீதம் இருப்பது நல்லது. ஈரமானி இல்லாதவர்கள் துண்டை வாரா வாரம் எடை போட்டுப் பார்க்கலாம். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் அது அந்த இடத்துக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம்.

என்ன அளவில் தொடங்குவது?

28 அங்குலம் இழுப்பவருக்கு, 40 முதல் 45 பவுண்ட் வில்லுக்கு (முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை இது, இதைத்தான் வில்லின் எடை என்கிறோம்), நான் தொடங்குகிற அளவு இது: குதைக்குக் குதை 66 அங்குலம். நடுவில் 4 அங்குலம் கைப்பிடி, அதன் இரு பக்கமும் 2 அங்குலத்தில் சரிந்து மெலிகிற பகுதி. லிம்பின் அகலம் ஒன்றரை அங்குலம், அது பாதி நீளம் வரை அப்படியே போய் பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறுகும். ஆனால் ஒட்டும்போது நுனியை முக்கால் அங்குலமாவது விட்டுவையுங்கள். நாண் நடுவில் ஓடவில்லை என்றால் செதுக்கிச் சரிசெய்ய அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

அதைவிடக் குட்டையாக வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். முதல் வில்லுக்கு வேண்டாம். நீளம் குறையக் குறைய ஒவ்வொரு அங்குலமும் அதிகமாக வளைய வேண்டியிருக்கும், மரம் தவறைப் பொறுத்துக்கொள்ளாது.

மூங்கிலை எவ்வளவு மெலிதாக்க வேண்டும்?

எல்லோரும் நினைப்பதைவிட மெலிதாக. கைப்பிடிக்குப் பக்கத்தில் மேட்டின் நடுவில் 3 மி.மீ., அங்கிருந்து நுனிக்குப் போகும்போது 2 மி.மீ. ஓரங்களோ கிட்டத்தட்டக் கத்தி விளிம்பு மாதிரி, 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. லிம்பின் மொத்தத் தடிமனில் மூங்கில் கால்பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாவது வில்லில் இதைத்தான் தவறவிட்டேன். மூங்கில்தானே பலம், இருக்கட்டுமே என்று 6 மி.மீ. விட்டிருந்தேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது, முதல் நாள் நன்றாகவே எய்தது. நாற்பது ஐம்பது அம்புக்குப் பிறகு நாணைக் கழற்றினால் வில் நிமிரவில்லை, நாண் பக்கமே இரண்டு அங்குலம் வளைந்து நின்றது. வயிற்றை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தபோது, மேல் லிம்பின் நடுவில் குறுக்கே மயிரிழை போல மூன்று நான்கு கோடுகள். நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் லேசாகத் தட்டியது. மூங்கில் நீள மறுத்ததால் முழுச் சுமையையும் வயிறு நசுங்கித் தீர்த்திருக்கிறது. அந்த வில்லை இன்னும் சுவரில் வைத்திருக்கிறேன். யாராவது தடிமனான மூங்கிலோடு வந்தால் விளக்குக்கு நேரே அதைச் சாய்த்துக் காட்டுவேன்.

மெலிதாக்குகிற வேலை முழுக்க உட்பக்கத்தில்தான். பிளாச்சைத் தோல் கீழே இருக்கும்படி நேரான ஒரு பலகையில் இரு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள், அல்லது மிச்சமாக விட்ட இரு முனைகளிலும் திருகாணி போடுங்கள். முதலில் கணுவின் உட்தடுப்பைக் குடைவு உளியால் எடுத்துவிட்டு, அப்புறம் இழைப்புளி. மூங்கிலில் சிலிக்கா இருப்பதால் இழைப்புளி அலகு சீக்கிரம் மழுங்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தீட்டத் தயாராக இருங்கள். தட்டையாகிவிட்டதா என்று பார்க்க, கண்ணாடித் துண்டில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவி அதன்மேல் மூங்கிலை வைத்துத் தேய்த்தால் மேடான இடம் மட்டும் வெள்ளையாகும்.

தோல்பக்கத்தில் எதையும் செய்யவே கூடாதா?

மேலே இருக்கிற மெழுகு மினுமினுப்பை மட்டும் கத்தி விளிம்பால் சுரண்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காது, பின்னால் உதிரவும் செய்யும். கணுவின் கூரான முகட்டை உப்புத்தாளால் லேசாக உருட்டிவிடலாம். அவ்வளவுதான். கணுவைத் தட்டையாக்க அரம் போட்டால் நார் அறுபடும், வில் அங்கேதான் உடையும்.

நுனியை எப்படி வளைப்பது?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஆவி. வயிற்று மரத்தின் நுனியை 10 முதல் 12 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்து, கடைசி 8 அங்குலத்தை ஆவியில் வையுங்கள். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு, அதன்படி இதற்கு அரை மணி நேரம். கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் பாதகமில்லை. வெளியே எடுத்ததும் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, சில நொடிகளில் அச்சில் வைத்து வளைத்துக் கட்டிவிட வேண்டும். நுனி முதுகுப் பக்கமாக வளைவதால் வயிற்றுப் பக்கம் வெளி வளைவாகிறது, சிம்பு கிளம்புவது அங்கேதான். ஒரு மெல்லிய தகரப் பட்டையை அந்தப் பக்கம் வைத்து அதோடு சேர்த்து வளைத்தால் சிம்பு அடங்கியிருக்கும். அச்சிலேயே ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம் காய விட்டுத்தான் பசை. ஆவியில் ஏறிய ஈரம் இறங்குவதற்குள் ஒட்டினால் ஒட்டு நிற்காது.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. நுனியிலிருந்து 9 அல்லது 10 அங்குலத்துக்கு வயிற்று மரத்தை நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து, அந்தப் பிளவில் ரம்பத் தடிமனுக்குச் சரியான ஒரு மெல்லிய மரச்சிம்பைப் பசையோடு செருகி, மூங்கில் ஒட்டும்போதே அச்சில் வளைத்துவிடுவது. ஒரே தடிமனான கட்டை வளைய மறுக்கும், அதையே மூன்று மெல்லிய அடுக்காக்கினால் குளிர்ந்த நிலையிலேயே வளையும். ஆவி வேலையும் இல்லை, காயக் காத்திருக்கவும் வேண்டாம், பசை இறுகிய பிறகு நுனி பின்வாங்குவதும் மிகக் குறைவு.

மூங்கில் 2 மி.மீ. இருந்தால் மென்மையான வளைவுக்கு அப்படியே பணியும். வளைவு கூர்மையாக இருந்தால் முன்கூட்டியே சூடான காற்றைக் காட்டி வளைத்து வைத்துக்கொள்ளுங்கள். தோல் பழுப்பாக மாறத் தொடங்கினால் சூட்டை விலக்கிவிட வேண்டும்.

நுனி வளைவு எவ்வளவு இருக்கலாம்?

கடைசி 5 அங்குலம், 30 டிகிரி. முதல் வில்லுக்கு இது போதும். இந்த 5 அங்குலமும் வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும். நாண் ஏற்றியிருக்கும்போது நாண் இந்த வளைவின் வயிற்றுப் பக்கத்தில் படிந்திருக்கும், இழுக்க இழுக்க அங்கிருந்து பிரிந்து எழும், எழுந்ததும் நுனி ஒரு நெம்புகோல் மாதிரி உதவும். கடைசி இரண்டு மூன்று அங்குல இழுப்பில் நேரான வில் திடீரென்று கல்லாக இறுகும் அல்லவா, இதில் அந்த இறுக்கம் மிருதுவாகிவிடுகிறது. ரீகர்வ் செய்வதன் சுகமே அதில்தான் இருக்கிறது. ஆனால் வளைவைக் கூட்டக் கூட்ட நுனி பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும்.

என்ன பசை? எப்படி ஒட்டுவது?

மெதுவாக இறுகுகிற, இரண்டு பாகம் கலக்கிற எப்பாக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகையை இதில் தொடவே வேண்டாம், பாதிக் கிளாம்ப் போடுவதற்குள் இறுகிவிடும். தண்ணீர் கலந்த மரப்பசையிலும் செய்கிறார்கள், அதற்கு இடைவெளியே இல்லாத ஒட்டுப்பரப்பு வேண்டும், மரத்தில் ஏறிய ஈரம் இறங்க ஒரு வாரம் விட வேண்டும்.

ஒட்டும் பரப்பை ரம்ப அலகின் பல்லால் நீளவாக்கில் வருடிச் சொரசொரப்பாக்குங்கள். ஈப்பே மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரமாக இருந்தால் அசிட்டோன் தொட்ட துணியால், துணியில் நிறம் வராத வரை துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. பசையை இரண்டு பரப்பிலும் தடவுங்கள். நடுவிலிருந்து தொடங்கி நுனியை நோக்கி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப். அத்தனை கிளாம்ப் இல்லை என்றால் பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி இழுத்து இறுக்கிச் சுற்றுங்கள், பல வில்களை நான் அப்படித்தான் ஒட்டினேன், அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழும். மூங்கில் முதுகு மேடாக இருப்பதால் கிளாம்புக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்க மறக்காதீர்கள். எப்பாக்சிக்கு மிதமான அழுத்தம் போதும், உடும்புப் பிடியாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி ஒட்டு வறண்டுபோகும். ஓரம் நெடுகப் பசை மணி மணியாக எட்டிப் பார்த்தால் சரியாக இருக்கிறது.

ஒட்டும்போதே லிம்பின் நுனிகளை ஒன்றரை இரண்டு அங்குலம் முதுகுப் பக்கமாக உயர்த்தி வைத்து ஒட்டுங்கள். பசை இறுகி விடுவித்ததும் வயிறு ஏற்கெனவே சற்று இழுபட்ட நிலையில் பிடிபட்டிருக்கும். பின்னால் நாண் ஏற்றும்போது முதலில் அந்த இழுவை தீர்ந்துதான் நசுங்கல் தொடங்கும். மரத்துக்கு நாம் செய்கிற பெரிய உதவி இது.

கைப்பிடிக் கட்டையை எப்போது ஒட்டுவது?

மூங்கில் ஒட்டிய பிறகு, வயிற்றுப் பக்கத்தில். கட்டை சரிந்து மெலிகிற இடத்தில் லிம்ப் வளையத் தொடங்கினால் கட்டை பெயர்ந்துவிடும். அந்த இடத்தில் லிம்பின் தடிமனைக் கட்டை முடிகிற வரையில் குறைக்காமல் விடுங்கள்.

டில்லரிங் என்றால் என்ன? எதற்கு இவ்வளவு பேச்சு?

இரண்டு லிம்பும் ஒரே மாதிரி, ஒவ்வொரு லிம்பும் தன் நீளம் முழுக்கச் சீராக வளையும்படி வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பதுதான் டில்லரிங். அதுவரை நம்மிடம் இருப்பது வில் வடிவத்தில் ஒரு கட்டை.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். லிம்பின் விறைப்பு அகலத்தோடு நேராகக் கூடுகிறது, தடிமனோடு மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. 12 மி.மீ. லிம்பில் அரை மி.மீ. எடுத்தால் விறைப்பு 12 சதவீதம் போய்விடும், 45 பவுண்ட் வில்லில் அது 5 பவுண்டுக்கு மேல். அதனால் அரத்தைச் சீக்கிரமே கீழே வைத்துவிட்டுச் சுரண்டிக்கு மாறுங்கள்.

முதலில் தரை டில்லர். ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி, லிம்ப் எப்படி வளைகிறது என்று பாருங்கள். ஓரளவு அசையத் தொடங்கியதும், சுவரில் பொருத்திய ஒரு தாங்கியில் கைப்பிடியை வைத்து, வில்லைவிட நீளமான ஒரு நாணை மாட்டி, கப்பி வழியாகக் கயிற்றால் இழுங்கள். அப்படிச் செய்தால் தள்ளி நின்று பார்க்கலாம், வில் உடைந்தாலும் முகத்தில் படாது. ஐந்து அங்குலம் இழுங்கள், பாருங்கள், விடுங்கள். எந்த இடம் வளையவில்லையோ அங்கே மட்டும் பென்சிலால் குறியிட்டு, குறி அழிகிற அளவுக்குச் சுரண்டுங்கள். அப்புறம் இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விட வேண்டும், ஏனென்றால் இப்போது எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது, லிம்ப் வேலை செய்த பிறகுதான் வெளிவரும். இதைத் தவிர்த்துவிட்டுத் திரும்பவும் சுரண்டுகிறவர்களுக்குத்தான் வில் திடீரென்று பலம் இழந்ததாகத் தோன்றும்.

மீறவே கூடாத விதி ஒன்று. நீங்கள் நினைத்திருக்கிற இறுதி எடையைத் தாண்டி எந்தக் கட்டத்திலும் இழுக்காதீர்கள். 45 பவுண்ட் வில்தான் வேண்டும் என்றால், 10 அங்குலத்திலேயே தராசு 45 காட்டினால் அங்கேயே நிறுத்திச் சுரண்டுங்கள். வளைவில் குறை கண்ணில் பட்டால் அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட இழுக்காதீர்கள். இரண்டு லிம்பும் சமமாக வளையத் தொடங்கியதும் குட்டை நாண் போட்டு, கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே மூன்று நான்கு அங்குலம் இருக்கும்படி ஏற்றி, அதிலிருந்து 20, 22, 24 அங்குல இழுப்பு என்று மெல்ல மேலே போங்கள். 26, 27-இல் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை உப்புத்தாளும் முதல் இருநூறு அம்பும் பார்த்துக்கொள்ளும், அதற்குள் இரண்டு மூன்று பவுண்ட் தானாக இறங்கும்.

மூங்கில் பக்கத்தை இந்த வேலை முழுவதிலும் தொடவே கூடாது. எடுப்பதெல்லாம் வயிற்றில்தான்.

வளைவு சீராக இருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லையே?

ஆரம்பத்தில் யாருக்கும் பிடிபடாது. ரீகர்வில் நுனி வளைவு கண்ணை இன்னும் ஏமாற்றும். ஆறு அங்குல நீளத்தில் நேரான ஒரு சிறு கட்டையை எடுத்து, நடுவில் துளை போட்டு, ஒரு பென்சில் துண்டை இறுக்கமாகச் செருகுங்கள். வில் வளைந்திருக்கும்போது கட்டையை வயிற்றில் வைத்தால் அதன் இரு முனையும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகமாக வளைந்த இடத்தில் வைத்து, பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்குங்கள். இப்போது லிம்ப் நெடுகத் தள்ளிக்கொண்டே போனால், எங்கெல்லாம் வளைவு குறைவோ அங்கே பென்சில் தானாகக் கோடு போடும். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். நுனியின் விறைப்பான 5 அங்குலத்துக்குள் மட்டும் போகாதீர்கள்.

மேல் லிம்பும் கீழ் லிம்பும் முழுக்கச் சமமாக இருக்க வேண்டுமா?

அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் வைத்து இழுப்பவராக இருந்தால் கீழ் லிம்ப் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும். நாண் ஏற்றியபின் கைப்பிடியின் இரு முனையிலிருந்தும் நாண் வரை அளந்தால் மேலே 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருக்கும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவருக்குச் சமமாக இருப்பதே நல்லது.

நாண் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் சாய்கிறது. என்ன செய்வது?

ரீகர்வில் இதை அலட்சியம் செய்யக் கூடாது, விட்டால் நாண் வளைவிலிருந்து வழுக்கி விழுந்து வில் தலைகீழாகப் புரண்டுவிடும். நாண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பலவீனமாக இருக்கிறது என்று பொருள், சாய்கிற பக்கத்து விளிம்பை, வளைவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நுனியில் மிச்சம் விட்ட அகலத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். கடைசியாக, வளைவின் வயிற்றுப் பக்கத்தில் நாண் படிய ஒரு மெல்லிய வாய்க்கால் போட்டுவிடுங்கள்.

இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பயப்பட வேண்டுமா?

அந்த நொடியே நிறுத்துங்கள். நாணைக் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் மூன்று இடம் பாருங்கள்: மூங்கிலின் ஓரங்கள், பசைக் கோடு, கைப்பிடிக் கட்டை முடிகிற இடம். ஓரத்தில் பஞ்சை இழுத்தால் எங்கேயாவது சிம்பு இருந்தால் மாட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும். சிறு ஓரச் சிம்பு என்றால் உள்ளே மெல்லிய உடனடிப் பசையை ஓடவிட்டு, நூல் சுற்றிக் கட்டிவிடலாம். பசைக் கோடு பிரிந்திருந்தால் மேலே சுற்றிக் கட்டி ஏமாற்ற முடியாது, பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும்.

பல நேரம் குதையில் நாண் உட்காரும் சத்தமாகவும் இருக்கும். ஆனால் பார்க்காமல் அப்படி முடிவுகட்ட வேண்டாம்.

வயிற்றுப் பக்கமும் மூங்கில் ஒட்டலாமா?

ஜப்பானிய யூமி வில்லில் இரு பக்கமும் மூங்கில்தான், நடுவில் அடுக்கு. ஆனால் அதன் வழக்கமான நீளம் 2.21 மீட்டர், பிடியும் நடுவில் இல்லாமல் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். அவ்வளவு நீளத்தில் சுமை பரவிவிடுகிறது. கொரியாவின் கொம்பு வில் குட்டை. அதில் மூங்கில் நடுவே இருக்கும், நசுங்கும் வயிற்றுக்கு எருமைக் கொம்பும் இழுபடும் முதுகுக்கு விலங்கு நரம்பும் வைத்தார்கள். நாம் செய்கிற அளவுக்கு வயிற்றில் மரம்தான் சரி. மரத்தைச் சூட்டில் காட்டி இன்னும் உறுதியாக்க விரும்பினால் பசை போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், எப்பாக்சி சூட்டில் இளகிவிடும்.

எடை குறைவாகப் போய்விட்டது. நுனியை வெட்டி ஏற்றலாமா?

நேரான வில்லில் அது பழைய வைத்தியம். ரீகர்வில் நுனியை வெட்டினால் வளைவே போய்விடும். அந்த எடையில் இழுக்கிற ஒருவருக்குக் கொடுங்கள். 30 பவுண்ட் வில் பயிற்சிக்கு மிக நல்லது, புதிதாக எய்பவருக்கு நானே 25 முதல் 30 வரைதான் சொல்வேன்.

குதையை எப்படி வெட்டுவது, நாண் எதில் திரிப்பது?

மூங்கிலில் நேராகக் குதை வெட்டாதீர்கள். நுனியின் முதுகில் ஒரு கெட்டியான மரத்துண்டையோ கொம்புத் துண்டையோ ஒட்டி, அதில் வட்ட அரத்தால் வெட்டுங்கள். விளிம்பு எதுவும் கூராக இருக்கக் கூடாது, நாண் அறுபடும்.

நாணுக்கு டாக்ரான் என்கிற பாலியஸ்டர் நூல். கொஞ்சம் இழுபடுகிற பொருள் என்பதால் ஒவ்வொரு எய்தலின் அதிர்ச்சியையும் தானே வாங்கிக்கொள்ளும். 12 அல்லது 14 இழை போதும். இழுபடாத நவீன இழைகள் வேகம் தரும், ஆனால் முதல் மரவில்லில் அந்த அடி நுனியில்தான் இறங்கும். கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே 7 அங்குலம் வருகிற மாதிரி நாணின் நீளத்தை வைத்து, பிறகு முறுக்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

அம்பு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்?

ஒரு பவுண்ட் இழுப்புக்கு 8 முதல் 10 கிரெயின் கணக்கு. 45 பவுண்ட் வில்லுக்கு 450 கிரெயின், அதாவது ஏறக்குறைய 29 கிராம். இதைவிட லேசான அம்பு போனால் அம்பு எடுக்காத ஆற்றல் வில்லுக்குள்ளேயே திரும்பும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது இதன் உச்சம், ஒரே முறையில் வில் போய்விடலாம். பார்க்க வருபவர்கள் கையில் எடுத்ததும் முதலில் செய்வது அதைத்தான், அதனால் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள்.

பூச்சு என்ன அடிக்கலாம்?

ஈரத்தைத் தடுக்கிற எதுவும். வார்னிஷ், ஷெல்லாக், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, உருவத்தையெல்லாம் முடித்து இருநூறு அம்பு எய்து பார்த்த பிறகு அடியுங்கள்.

எத்தனை நாளாகும்?

கைவேலை மட்டும் பார்த்தால் முப்பது நாற்பது மணி நேரம். காயவும் இறுகவும் விடுகிற நாளைச் சேர்த்தால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து முடித்ததை எப்படி வைத்துக்கொள்வது?

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஆணியில் படுக்கைவாட்டில் வையுங்கள், மூலையில் சாய்த்து வைத்தால் கீழ் நுனி நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது, பசை அங்கே தாங்காது. நாண் ஏற்ற, இரு நுனியிலும் மாட்டும் கயிறு ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு அதை மிதித்துக் கைப்பிடியைத் தூக்கி ஏற்றுங்கள். காலுக்கு இடையில் வைத்து முறுக்கி ஏற்றினால் ரீகர்வ் நுனி அன்றைக்கே கோணலாகும். சில நாள் எய்யாமல் வைத்திருந்து எடுத்தால், நாண் ஏற்றி ஐந்து நிமிடம் விட்டு, பாதி இழுப்பில் பத்துப் பதினைந்து முறை இழுத்த பிறகு முழுதாக இழுங்கள். மாதம் ஒருமுறை வயிற்றை விளக்குக்கு நேரே சாய்த்து, அந்த மயிரிழைக் கோடு எங்கேயாவது தெரிகிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள்.